ஆறு வயதில் முளைக்கும் பல்

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. இஷாத் தொழுது முடித்து எல்லோரும் சாப்பிட இருந்தோம். எட்டு வயதான என் மகள் சோற்றை வாயின் இடது பக்கத்தால் மட்டும் மென்று கொண்டிருந்தாள். இறைச்சித் துண்டைத் தொடவே இல்லை.

“ஏன் மகள், மற்றப் பக்கம் நோகுதா?” என்று கேட்டேன்.

“இல்லை உம்மா” என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தேன். கீழ்த் தாடையின் வலது பக்கத்தில், கடைசிப் பல்லின் நடுவே கறுப்பாக ஒரு குழி இருந்தது. “பால்பல் தானே, விழுந்து வேறு முளைக்கும்” என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு முன்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். அது ஆறாவது பல். நெஞ்சு திடுக்கிட்டது. அது பால்பல் இல்லை. ஆறு வயதில் முளைத்து, மௌத்தாகும் வரை இருக்க வேண்டிய கடைவாய்ப்பல்.

“எவ்வளவு நாளா நோகுது?”

“பெருநாளுக்கு முன்னமே இருந்து.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“பல்லு மினுக்காட்டி டொக்டரிட்டக் கொண்டு போய்ப் பிடுங்கிப் போடுவன் எண்டு நீங்கதானே சொன்னீங்க.”

எனக்குப் பதில் வரவில்லை. நான் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் ஆசிரியை. மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள். என் சொந்தப் பிள்ளை நான் சொன்ன பயமுறுத்தலுக்காக இரண்டு மாதத்துக்கு மேல் வலியை மறைத்து வைத்திருந்தாள்.

அந்தப் பல்லுக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. நான் இந்தக் கல்லூரியின் பழைய மாணவி. இரண்டாம் ஆண்டில் படித்துக் கொண்டிருந்தபோது 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி வந்தது. இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. புத்தளம் தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் உம்மாவுக்கு இருந்த கவலைகள் தண்ணீர், அரிசி, படுக்கப் பாய். எங்கள் ஏழு பேருக்கும் பல் மினுக்க ஒரு சரையில் கரித்தூளும் உப்பும் இருந்தன. பசியை அடக்கச் சீனி போட்ட வெறுந்தேத்தண்ணி இருந்தது. என் ஆறு வயதுப் பல் அங்கேதான் சூத்தையானது. கராம்பை வைத்து வைத்துக் காலம் கடத்தி, பன்னிரண்டு வயதில் அதைப் பிடுங்கினார்கள். அந்த இடத்தை நோக்கி அடுத்த பல் சாய்ந்து விட்டது. எதிரே இருந்த மேற்பல் கீழிறங்கி விட்டது. இன்றும் அந்தப் பக்கத்தால் ஒழுங்காக மெல்ல முடியாது.

என் உம்மாவுக்கு ஒரு நியாயம் இருந்தது. எனக்கு என்ன நியாயம்? வீட்டில் கிணறு உண்டு, மோட்டர் உண்டு, அலுமாரியில் இரண்டு வகைப் பற்பசை உண்டு. அப்படியிருந்தும் அதே பல், அதே இடம்.

மறுநாள் மகளைப் பல் வைத்தியரிடம் கொண்டு போனேன். அவர் என்னை ஏசவில்லை. நான்கு கேள்விகள் மட்டும் கேட்டார். அந்த நான்கு கேள்விகளையும், அவற்றைத் தேடிப் படித்து நான் விளங்கிக் கொண்டவற்றையும் பெற்றோருக்கும் மாணவிகளுக்கும் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

கேள்வி 1: பிள்ளையின் வாய்க்குள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

பிள்ளைக்கு ஏறத்தாழ ஆறு மாதத்தில் முதற் பல் முளைக்கிறது. இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபது பால்பற்களும் வந்து விடும். ஆறு வயதளவில் முன்பற்கள் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தையும் ஓட்டைச் சிரிப்பையும்தான் வீட்டில் எல்லோரும் கவனிக்கிறோம். அதே நேரத்தில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், ஒரு பல்லும் விழாமலே நான்கு புதிய பற்கள் சத்தமில்லாமல் முளைக்கின்றன. மேலே இரண்டு, கீழே இரண்டு. இவைதான் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப்பற்கள். ஒன்றும் விழாத படியால் இவற்றையும் பால்பற்கள் என்றே பலர் நினைத்து விடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்தப் பற்களின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உண்டு. முளைத்து வரும்போது பக்கத்துப் பல்லை விடப் பதிவாக இருப்பதால் பிறஸ் மேலால் போய் விடும். எனவேதான் பிள்ளைகளின் நிரந்தரப் பற்களுள் பெரும்பாலும் முதலில் சூத்தையாவது இதுவாக இருக்கிறது. பள்ளங்களை அடைக்கும் ஒரு பூச்சைப் பல் வைத்தியர்கள் பூசி விடலாம். பல் முளைத்தவுடன் காட்டினால்தான் அது பயன்படும்.

அப்படியென்றால் பால்பல் பழுதானால் பரவாயில்லையா? பால் கடைவாய்ப்பற்கள் விழுந்து புதியவை வருவது பத்து முதல் பன்னிரண்டு வயதில். நான்கு வயதில் சூத்தையான பல்லை ஆறேழு வருடம் பிள்ளை வாயில் சுமக்க வேண்டும். நோவு வந்தால் சாப்பாடு குறையும், நித்திரை குறையும், பாடசாலை நாட்கள் போகும். முன்கூட்டிப் பிடுங்கினால் கீழே வளரும் பல்லுக்கு வைத்திருந்த இடம் அடைபட்டு, பல் கோணலாக வரும். சீழ் பிடித்தால் கீழே உருவாகிக் கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் மேற்பூச்சும் பழுதாகலாம்.

மாதம் ஒரு தடவை, நல்ல வெளிச்சத்தில், பிள்ளையின் உதட்டை உயர்த்திப் பாருங்கள். முரசை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல் வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான் சூத்தையின் முதலாவது அடையாளம். அந்த நிலையில் கவனித்தால் பல் தன்னைத் தானே திருத்திக் கொள்ளும். பழுப்பாகி, குழியாகி விட்டால் தானாகத் திரும்பாது.

கேள்வி 2: ஒரு நாளைக்கு எத்தனை தடவை இனிப்பு?

“கனக்க இனிப்புக் கொடுக்கிறதில்லை டொக்டர்” என்றேன். “எவ்வளவு எண்டு கேட்கேல்லை, எத்தனை தரம் எண்டுதான் கேட்டனான்” என்றார் அவர்.

அந்த வித்தியாசம் விளங்க, பல் எப்படிச் சூத்தையாகிறது என்று தெரிய வேண்டும். “பல்லிலே புழு இருக்குது” என்று எங்கள் உம்மம்மாமார் சொல்வார்கள். உலகம் முழுவதிலும் அப்படித்தான் நம்பினார்கள். பிரான்சில் பியர் ஃபோசார் என்ற பல் வைத்தியர் 1728 இல் எழுதிய நூலில் புழுக் கதையை மறுத்தார். 1890 இல் வில்லபி மில்லர் என்ற அமெரிக்கர், வாயில் வாழும் நுண்ணுயிர்கள் மாச்சத்தையும் சீனியையும் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன, அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று விளக்கினார்.

இன்று எங்கள் மாணவிகள் விஞ்ஞானப் பாடத்தில் படிக்கும் பி.எச். அளவைக் கொண்டே இதைச் சொல்லலாம். வாயின் பி.எச். சாதாரணமாக நடுநிலைக்குக் கிட்ட இருக்கும். இனிப்பு வாய்க்குள் போனதும் சில நிமிடங்களில் அது இறங்கும். ஏறத்தாழ 5.5 க்குக் கீழே போனால் பல்லின் மேற்பூச்சிலிருந்து கல்சியமும் பொசுபேற்றும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தைக் கழுவி, நடுநிலைப்படுத்தி, இழந்த கனியுப்பை மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும். இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும்.

இப்போது கணக்குப் பாருங்கள். பிள்ளை ஒரு பெரிய துண்டுத் தொதலைச் சாப்பாட்டோடு ஒரே தடவையில் சாப்பிட்டால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதே தொதலைச் சிறு துண்டுகளாகப் பின்னேரம் முழுக்கக் கிள்ளித் தின்றால் உமிழ்நீருக்கு ஓய்வே இல்லை. என் மகளின் நாளை எண்ணினேன். காலையில் பால்தேத்தண்ணி, இடைவேளையில் கிறீம் விசுக்கோத்து, பாடசாலை விட்டு வரும் வழியில் டொபி, பின்னேரம் தேத்தண்ணியும் கேக்கும், குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும்போது ஒரு பக்கற் யூஸ், படுக்கும்போது சீனி போட்ட பால். மொத்தம் ஆறு தடவை.

எங்கள் ஊரில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. சீனிதான் கெடுதி, பனங்கட்டி நல்லது என்பார்கள். பனங்கட்டியில் வேறு சத்துக்கள் இருக்கலாம். ஆனால் அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சுக்குரோசுதான். வாயில் உள்ள நுண்ணுயிருக்கு வேறுபாடு தெரியாது. பனங்கட்டியைக் கடித்துக் கடித்து வெறுந்தேத்தண்ணி குடிப்பதும் பல்லில் ஒட்டும் பேரீச்சம்பழமும் இதே கணக்கில்தான் சேரும். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு, பிறகு தண்ணீர் குடிக்கப் பழக்குவதே வழி.

கடையில் வாங்கும் குளிர்பானப் போத்தலில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று ஒரு வட்டம் இருக்கும். 2016 முதல் இலங்கையில் நடைமுறையில் உள்ள அடையாளம் அது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 400 மில்லிலீற்றர் கொண்ட சிவப்பு அடையாளப் போத்தல் ஒன்றில் 44 கிராமுக்கு மேல் சீனி, அதாவது பதினொரு தேக்கரண்டிக்கு மேல். வளர்ந்த ஒருவரே நாளொன்றுக்கு ஆறு தேக்கரண்டி அளவோடு நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அடுத்த முறை கடையில் அந்த வட்டத்தைப் பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். என் மகளுக்கு அது ஒரு விளையாட்டாகி விட்டது.

கேள்வி 3: படுக்குமுன் மினுக்குகிறாளா?

காலையில் மினுக்காமல் எங்கள் வீடுகளில் யாரும் தேத்தண்ணி குடிப்பதில்லை. இரவுதான் தவறிப் போகிறது. ஆனால் பல்லுக்கு இரவு மினுக்குவதே மிக முக்கியம். நித்திரையில் உமிழ்நீர் மிகவும் குறைந்து விடும். படுக்குமுன் குடித்த சீனிப் பால் இரவு முழுக்க வாயிலேயே நிற்கும். பால் போத்தலை வாயில் வைத்தபடி நித்திரையாகும் குழந்தைகளின் மேல் முன்பற்கள் இரண்டு வயதுக்குள்ளேயே கரைந்து போவது இதனால்தான். ஒரு வயதுக்குப் பிறகு போத்தலைக் குறைத்துக் கோப்பைக்கு மாற்றுங்கள். இரவில் தாகம் என்றால் தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

எதனால் மினுக்குவது? ஃபுளோரைட் உள்ள பற்பசை பல்லின் மேற்பூச்சை அமிலத்துக்கு எதிராக உறுதியாக்கும். குழாயில் மில்லியனில் 1000 பங்கு அல்லது அதற்கு மேல் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே ஒரு அரிசியளவு போதும். மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணிக் கடலையளவு. விளம்பரத்தில் காட்டுவது போல் பிறஸ் நிறையப் போட வேண்டியதில்லை. மினுக்கிய பிறகு நுரையைத் துப்பினால் போதும். தண்ணீரை வாய் நிறைய எடுத்துக் கொப்புளித்தால் ஃபுளோரைட்டும் கழுவுப்பட்டுப் போகும்.

பற்பசையைப் பிள்ளைகள் விழுங்கக் கூடாது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைட் அளவுக்கு மீறி இருப்பதால், அங்கே வளரும் பிள்ளைகளின் பற்களில் வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுகள் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அளவோடு இருந்தால் காவல், மீறினால் கறை.

கரித்தூள், உமிக்கரி, செங்கல் தூள் என்பவை பல்லை வெள்ளையாக்குவது போல் தோன்றும். உண்மையில் அவை மேற்பூச்சைத் தேய்க்கின்றன. தேய்ந்த பூச்சு திரும்ப வளராது.

மிஸ்வாக்கைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். நபி (ஸல்) அவர்கள் அதை எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதையும், சமூகத்துக்குச் சிரமமாகி விடும் என்பதால்தான் ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கட்டாயமாக்கவில்லை என்பதையும் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். அந்தக் குச்சியைத் தரும் மரத்தைத் தமிழில் உகாய் என்பார்கள். இலங்கையின் வரண்ட கரையோரப் பகுதிகளிலும் அது இயற்கையாக வளர்கிறது. அது பழக்கத்தில் உள்ள இடங்களில் மிஸ்வாக் பாவிப்பதை 1986 இல் உலக சுகாதார நிறுவனம் ஊக்குவித்தது. குர்துபாவில் வாழ்ந்து 1013 இல் மறைந்த அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, பல்லில் படியும் காறையைச் சுரண்டும் கருவிகளைப் படம் வரைந்தே தன் நூலில் விளக்கியிருக்கிறார். வாய்ச் சுத்தம் எங்களுக்குப் புதிதாக வந்த பாடமல்ல.

எனினும் சிறு பிள்ளைக்கு மிஸ்வாக் மட்டும் போதும் என்று விட்டு விடாதீர்கள். முன்பற்களின் வெளிப்புறத்தை அது நன்றாகச் சுத்தமாக்கும். கடைவாய்ப்பல்லின் உட்புறத்துக்கும் பள்ளத்துக்கும் கொண்டு போகப் பிள்ளையின் கை பழகியிருக்காது. வுழூவோடு மிஸ்வாக், காலையும் படுக்குமுன்னும் பிறஸ். இரண்டும் ஒன்றையொன்று தள்ளுபவை அல்ல. நோன்பு மாதத்தில் சஹர் சாப்பிட்டு முடிந்ததும் ஒரு தடவை, இரவு படுக்குமுன் ஒரு தடவை என்று மாற்றிக் கொள்ளலாம்.

கேள்வி 4: மினுக்கி விடுவது யார்?

“அவள் தானே மினுக்குவாள், எட்டு வயதாச்சு” என்று பெருமையாகச் சொன்னேன். வைத்தியர் மகளின் கையில் ஒரு பிறஸைக் கொடுத்து மினுக்கிக் காட்டச் சொன்னார். முன்பற்களில் நாலு இழுப்பு, அவ்வளவுதான். ஏழெட்டு வயது வரை கை விரல்களின் நுணுக்கமான அசைவு பிள்ளைக்குப் போதாது. தன் சப்பாத்து நாடாவைத் தானாகவே ஒழுங்காகக் கட்டத் தெரியாத பிள்ளையிடம் பல் மினுக்குவதைத் தனியே ஒப்படைக்கக் கூடாது என்றார். அதற்குப் பிறகும் சில காலம் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நேரத்தை இன்னொரு பழக்கத்தோடு முடிச்சுப் போட்டேன். “ஒன்பது மணிக்கு மினுக்கு” என்றால் பிள்ளைக்கு ஒன்பது மணி எப்போதும் நழுவும். இஷாத் தொழுகையும் இரவுச் சாப்பாடும் முடிந்தவுடன் மினுக்குவது, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும் என்று வைத்தோம். ஏற்கெனவே வேரூன்றிய பழக்கத்தில் புதியதைக் கட்டினால் அது விழாது.

இரண்டாவது, எல்லோரும் சேர்ந்து மினுக்குகிறோம். வாப்பா கதிரையில் இருந்து கைபேசி பார்த்துக் கொண்டு “போய் மினுக்கு” என்றால் பிள்ளை அதைத் தண்டனையாகவே எடுக்கும். அவரும் பிறஸோடு வந்து நின்றால் அது வீட்டு வழக்கமாகி விடும்.

மூன்றாவது, முறை. சிறு பிள்ளையென்றால் மடியில் சாய்த்து, தலையை உங்கள் பக்கம் வைத்தால் உட்புறமெல்லாம் தெரியும். மென்மையான நார் கொண்ட சிறிய பிறஸ் வேண்டும். முரசும் பல்லும் சந்திக்கும் இடத்தில் சாய்த்துப் பிடித்துச் சிறு வட்டங்களாகச் சுற்ற வேண்டும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு, பிறகு நாக்கு. மொத்தம் இரண்டு நிமிடம். பிறஸ் ஆளுக்கொன்று. மூன்று மாதத்தில் அல்லது நார் விரிந்தவுடன் மாற்ற வேண்டும்.

நான்காவது, பிள்ளையே சோதிக்க ஒரு வழி. மினுக்குமுன் நாக்கால் பல்லைத் தடவச் சொல்லுங்கள், சொரசொரப்பாக இருக்கும். மினுக்கிய பிறகு தடவினால் வழுவழுப்பாக இருக்க வேண்டும். இன்னும் சொரசொரப்பான இடத்தைப் பிள்ளை தானே கண்டுபிடித்துத் திரும்ப மினுக்கும். “வடிவா மினுக்கினியா?” என்று நூறு தரம் கேட்பதை விட இது மேல்.

ஐந்தாவது, சன்மானமாக டொபி கொடுக்காதீர்கள். சிரிப்பீர்கள், ஆனால் நான் அதையும் செய்திருக்கிறேன். இப்போது நாட்காட்டியில் மினுக்கிய இரவுக்கு அவளே ஒரு நட்சத்திரம் கீறுவாள். மாதக் கடைசியில் ஒரு கதைப் புத்தகம்.

பயத்தைப் பாடமாக்க வேண்டாம்

என் பிழைகளுள் பெரியது மறந்து போன பிறஸோ சீனிப் பாலோ அல்ல. வைத்தியரைப் பூச்சாண்டியாக்கியதுதான். பயந்த பிள்ளை வலியை மறைக்கும். மறைத்த சூத்தை ஆழமாகும். ஆழமானால் உண்மையிலேயே பிடுங்க வேண்டி வரும். நாங்கள் சொன்ன பயமுறுத்தல் நாங்களே நினையாத விதத்தில் நிறைவேறி விடும். “மேற்பல்லைப் பிடுங்கினால் கண் போய் விடும்” என்பது போன்ற கதைகளையும் பிள்ளைகளின் முன்னால் பேசாதீர்கள். பல்லுக்கும் கண்ணுக்கும் போகும் நரம்புகள் வேறு வேறு கிளைகள். அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை.

நோவு வருமுன்பே கொண்டு போனால் முதற் பயணம் ஒரு பார்வையோடு முடிந்து விடும். இந்த விடயத்தில் எங்கள் நாட்டுக்கு ஒரு நற்பேறு உண்டு. பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் கவனிப்பதற்கென்றே பயிற்றப்பட்டவர்களை நியமிக்கும் முறையை நியூசிலாந்து 1921 இல் தொடங்கியது. அதைப் பின்பற்றி 1950 களில் இலங்கையிலும் பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை உருவானது. அவர்களுக்கான பயிற்சிப் பாடசாலை மகரகமவில் இயங்குகிறது. இந்தச் சேவைக்குக் காசில்லை. அப்படியிருந்தும் நாட்டின் ஐந்து வயதுப் பிள்ளைகளுள் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சூத்தைப் பல் இருப்பதைத் தேசிய ஆய்வு காட்டியிருக்கிறது. அப்படியென்றால் குறை வீட்டிலும் இருக்கிறது. பாடசாலையில் பற்பரிசோதனைத் துண்டு கொடுத்து விட்டால், பெற்றோரே, அதைப் புத்தகப் பையின் அடியில் கிடக்க விடாதீர்கள்.

மாணவிகளுக்குச் சில வார்த்தைகள்

நீங்கள் இன்று தங்கைமாருக்கும் தம்பிமாருக்கும் மூத்தவர்கள். உம்மா அடுப்படியில் நிற்கும்போது வீட்டுச் சின்னவரைப் பல் மினுக்க வைக்கக் கூடியவர்கள் நீங்கள்தான். சின்னப் பிள்ளைகள் உம்மா சொல்வதை விட ராத்தா செய்வதைப் பார்த்துத்தான் பழகும்.

இன்னும் இரண்டு விடயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, பாக்கு. வீட்டுக்கு வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டு வைப்பது எங்கள் வழக்கம். புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. உம்மம்மாவின் வெற்றிலையில் இருந்து ஒரு துண்டுப் பாக்கைப் பேரப்பிள்ளைக்கு ஆசையாகக் கொடுப்பதும், சிறு பக்கற்றுகளில் வரும் இனிப்புப் பாக்கும் அந்தப் பாதையின் தொடக்கம். மரியாதையோடு தடுத்து விடுங்கள்.

மற்றது, விளையாட்டில் நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால் அதை எறிய வேண்டாம். வேரைத் தொடாமல் மேற்பகுதியில் பிடித்து எடுங்கள். மண் பட்டிருந்தால் ஒரு தரம் மெல்ல அலசி, பாலுக்குள் போட்டு, உடனே பல் வைத்தியரிடம் ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் அதே இடத்தில் திரும்ப வைத்துக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. பால்பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது.

யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இப்படி எழுதுவதும் புதிதல்ல. மானிப்பாயில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 19 ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே உடலமைப்பையும் உடல்நலம் காப்பதையும் சொல்லும் ஆங்கில நூலைத் தமிழில் தந்தார். எங்கள் மொழியில், எங்கள் மக்களுக்கு விளங்கும்படி சொன்னால்தான் வீட்டுக்குள் போகும் என்று அவர் நம்பினார். நானும் அதைத்தான் நம்புகிறேன்.

என் மகளின் பல்லைப் பிடுங்கவில்லை. குழி நரம்புக்குக் கிட்டப் போயிருந்தது. துப்புரவாக்கி அடைத்திருக்கிறார்கள். “இப்போதைக்கு உயிர் இருக்குது, பார்ப்பம்” என்றார் வைத்தியர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டுகிறோம். இப்போது அவளுக்கு அவரிடம் போகப் பயமில்லை. சில இரவுகளில் கைபேசி வெளிச்சத்தை வாங்கி என் வாயையும் பார்ப்பாள். முன்னிருந்து எண்ணி, “உம்மா, உங்களுக்கு ஆறாவது பல்லு இல்லை” என்பாள்.

இன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிடுங்கள். ஏச வேண்டாம், பயமுறுத்த வேண்டாம். வெளிச்சத்தைப் பிடித்து, முன்னிருந்து ஆறு வரை எண்ணுங்கள்.